58 ஆகும் முன்பே பார்த்துவைக்க வேண்டிய பென்ஷன் காகிதங்கள்

கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் 22 வருஷம் வேலை பார்த்தேன். 2024 மார்ச் 31-ம் தேதி மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். முதல் பென்ஷன் என் கணக்கில் ஏறியது அதே வருஷம் டிசம்பரில். நடுவில் எட்டு மாதம் நான் அலைந்ததற்குக் காரணம் இரண்டே இரண்டு. ஒன்று, என் பெயரின் ஆங்கில எழுத்தில் கூடுதலாக நின்ற ஒரு 'ஹெச்'. இன்னொன்று, 2002-ல் விட்டு வந்த பழைய மில்லில் யாரும் பதியாமல் விட்ட ஒரு தேதி.

இரண்டு வருஷம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்திருந்தால் இரண்டையும் வேலையில் இருக்கும்போதே சரி செய்திருக்கலாம். வேலையில் இருக்கும் வரைக்கும்தான் ஹெச்.ஆர். நம் போனை எடுப்பார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தனியார் கம்பெனியில் பிஎஃப் பிடித்தத்தோடு வேலை பார்ப்பவர்கள், அதிலும் 50-ஐத் தாண்டியவர்கள், இதைப் படித்தால் போதும். அரசு ஊழியர்களுக்கு வழி வேறு. கீழே வரும் வட்டி விகிதங்கள் நான் பணம் போட்ட 2024-ல் இருந்தவை. அஞ்சலக வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு மறுபரிசீலனை செய்யும், போடும் அன்று கேட்டுக்கொள்ளுங்கள்.

1. வீட்டுச் செலவை மூன்று மாதம் எழுதுங்கள்

"மாசம் பதினஞ்சாயிரம் இருந்தா ஓட்டிடலாம்" என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓய்வுக்கு நாலு மாதம் இருக்கும்போது வீட்டம்மா ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார். மூன்று மாத சராசரி 23,400 ரூபாய். சொந்த வீடு, கடன் இல்லை, பிள்ளைகள் வெளியூரில். அப்படியும் இவ்வளவு.

விட்டுப்போனது எது என்று பார்த்தால், முதல் இடம் மொய். ஆவணியில் ஒரே ஞாயிறில் மூன்று பத்திரிகை. நமக்கு அவர்கள் செய்ததைத் திருப்பிச் செய்ய வேண்டியது, மறுக்கவே முடியாது. அடுத்தது வருஷத்துக்கு ஒருமுறை வருபவை: வீட்டு வரி, வண்டி இன்சூரன்ஸ், குலதெய்வம் கோயிலுக்குப் போகிற செலவு, மழைக்கு முன் ஓடு மாற்றுவது. இதையெல்லாம் கூட்டி 12-ஆல் வகுத்து மாதச் செலவில் சேருங்கள். பழைய மொய் நோட்டை எடுத்துப் பார்த்தால் ஒரு வருஷக் கணக்கு துல்லியமாகக் கிடைத்துவிடும்.

அப்புறம் விலைவாசி. விலை வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருஷத்தில் எல்லாம் இரட்டிப்பாகும் (72-ஐ விகிதத்தால் வகுத்தால் வருஷம் வந்துவிடும்). 58-ல் 23,400 என்றால் 70-ல் அதே சாப்பாடு, அதே மாத்திரைக்கு 46,800. இந்த எண்ணை நோட்டின் அட்டையில் எழுதிவைத்தோம். மற்ற முடிவெல்லாம் இதிலிருந்துதான் பிறந்தது.

2. யுஏஎன் கணக்கில் ஐந்து விஷயங்களைச் சரிபாருங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். நிதானமாகப் படியுங்கள்.

பிஎஃப் உறுப்பினர் தளத்தில் யுஏஎன் எண்ணை (எத்தனை கம்பெனி மாறினாலும் பிஎஃப்-க்கு ஒருவருக்கு ஒன்றே என்று இருக்க வேண்டிய எண்) கொடுத்து உள்ளே போய், இதுவரை வேலை பார்த்த ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியாக இந்த ஐந்தையும் பாருங்கள்: பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி. கையில் ஆதாரை வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இனிஷியல் ஒரு தனிச் சிக்கல். ஆதாரில் 'முருகேசன் கலியபெருமாள்' என்று அப்பா பெயர் முழுசாக இருக்கும். பேன் கார்டில் 'கலியபெருமாள் முருகேசன்' என்று தலைகீழாக இருக்கும். கம்பெனியில் 'கே. முருகேசன்'. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. எனக்குப் பழைய மில்லில் 'சன்' என்பதை 'ஷன்' என்று அடித்துவைத்திருந்தார்கள். அன்று சம்பளம் வந்ததா என்று பார்த்தோமே தவிர, ஸ்பெல்லிங்கை யார் பார்த்தார்கள்?

திருத்தும் வழி கூட்டு உறுதிமொழி விண்ணப்பம். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு வாங்கிய யுஏஎன் என்றால், ஆதாரோடு இணைத்திருந்தால், 2025 ஜனவரியிலிருந்து பல திருத்தங்களைக் கம்பெனியின் ஒப்புதல் இல்லாமல் நீங்களே செய்துகொள்ளலாம். அதற்கு முந்தைய எண் என்றால் ஆன்லைனில் போட்டு கம்பெனி ஒப்புதல் தர வேண்டும். கம்பெனியே மூடப்பட்டிருந்தால் காகிதத்தில் எழுதி, கெஜட்டட் அதிகாரி போன்ற அங்கீகரிக்கப்பட்டவரிடம் சான்றொப்பம் வாங்கி நேரில் கொடுக்க வேண்டும்.

நான் மாட்டியது இந்தக் கடைசி வகையில். 1996 ஏப்ரலில் புதுச்சேரியில் ஒரு மில்லில் சேர்ந்து 2002 மார்ச் வரை ஆறு வருஷம் இருந்தேன். மில் இப்போது இல்லை. விலகிய தேதியைப் பதிய ஆளும் இல்லை. அந்தத் தேதி ஏறாமல் பழைய கணக்கு புதிய கணக்குக்கு மாறாது, மாறாவிட்டால் அந்த ஆறு வருஷம் பென்ஷனில் சேராது.

ஆதாரம் கேட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த கடிதம், சம்பளச் சீட்டு, பிஎஃப் வருடாந்திரச் சீட்டு எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் போட்டுவைத்திருந்தேன். ஆனால் 2011 டிசம்பர் தானே புயலில் கூரை பிய்ந்து அந்தப் பெட்டிக்குள்ளும் தண்ணீர் இறங்கியிருந்தது. திறந்து பார்த்தால் சீட்டுகள் அப்பளக் கட்டு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. வீட்டம்மா தோசைக் கரண்டியின் விளிம்பால் ஒவ்வொன்றாகப் பிரித்து, செய்தித்தாள் விரித்து ஃபேனுக்குக் கீழே போட்டார். மை கரைந்து பாதி படிக்க முடியவில்லை. பிழைத்தது இரண்டு: 1999-ம் வருஷ பிஎஃப் சீட்டு ஒன்று, லேமினேட் செய்திருந்த ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) அட்டை. பிஎஃப் சீட்டில் பழைய கணக்கு எண் இருந்தது, அட்டையில் மில்லின் பெயரும் சேர்ந்த தேதியும் இருந்தன. அந்த இரண்டை வைத்துத்தான் ஆறு வருஷத்தை மீட்டேன். ஐந்து முறை பஸ், ஜெராக்ஸ், நோட்டரி என்று மொத்தம் 2,100 ரூபாய் ஆனது. காலம் ஐந்து மாதம்.

இங்கே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. முதலாவது, வேலை மாறும்போது 10சி படிவம் போட்டுப் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிடுவது. எடுத்துவிட்டால் அந்த வருஷங்கள் போனது போனதுதான், திரும்பக் கட்டிச் சேர்க்க முடியாது. என்னோடு மில்லில் இருந்த நண்பர் ஒருவர் தங்கை கல்யாணத்துக்காக எடுத்தார். இப்போது அவருக்கு மொத்த சர்வீஸ் ஒன்பது வருஷம்தான். பத்து வருஷம் இருந்தால்தான் மாதப் பென்ஷன் உண்டு.

இரண்டாவது, இரண்டு யுஏஎன். கம்பெனி மாறும்போது பழைய எண்ணைச் சொல்லாமல் விட்டால் புதிதாக ஒன்று போட்டுவிடுவார்கள். பழையதிலிருந்து புதியதற்கு மாற்றச் சொல்லி விண்ணப்பியுங்கள், சர்வீசும் சேர்ந்து வந்ததா என்று பாஸ்புக்கில் பாருங்கள். பணம் மட்டும் வந்து வருஷம் வராமல் போவதும் உண்டு.

விலகிய தேதி இப்போதைய கம்பெனியில் பதியாமல் விட்டால், கடைசிப் பிடித்தம் முடிந்து இரண்டு மாதம் கழித்து ஆதார் ஓடிபி வைத்து நீங்களே பதியலாம். இது சுலபம்.

3. பென்ஷன் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்

பலருக்கு இங்கேதான் வயிற்றில் புளி கரையும். கடைசிச் சம்பளத்தில் பாதி வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அது அரசு வேலை.

கணக்கு இது: பென்ஷனுக்குரிய சம்பளத்தைச் சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் என்பது கடைசி 60 மாத சராசரி. ஆனால் நீங்கள் எவ்வளவு வாங்கினாலும், உச்சவரம்புப்படி கட்டியவர்களுக்கு 2014 செப்டம்பருக்குப் பிந்தைய வருஷங்களுக்கு 15,000 ரூபாய், அதற்கு முந்தைய வருஷங்களுக்கு 6,500 ரூபாய் என்றுதான் எடுப்பார்கள்.

என் கணக்கு: 2014 ஆகஸ்ட் வரை 18 வருஷம், 6,500 x 18 / 70 = 1,671. அதற்குப் பிறகு 10 வருஷம், 15,000 x 10 / 70 = 2,143. கூட்டினால் 3,814. இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ் இருந்து 58-ல் ஓய்வு பெற்றால் இரண்டு வருஷம் போனஸாகச் சேரும், அதோடு நாலாயிரத்துச் சொச்சம்.

மில்லின் ஆறு வருஷம் இல்லாவிட்டால் இதில் 557 ரூபாய் குறையும். "மாசம் 557 ரூபாய்க்கா இத்தனை அலைச்சல்?" என்று மகன் கேட்டான். வருஷத்துக்கு 6,684, சாகிற வரைக்கும். அலையலாம்.

50 வயதிலிருந்தே குறைந்த பென்ஷன் வாங்கலாம். ஆனால் 58-க்கு முன் வாங்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் குறையும், நிரந்தரமாக. மாறாக 60 வரை தள்ளிப்போட்டால் வருஷத்துக்கு 4 சதவீதம் கூடும். வேறு வருமானம் இருப்பவர்கள் தள்ளிப்போடுவது நல்லது என்பது என் எண்ணம். குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய், 2014 செப்டம்பரிலிருந்து.

முக்கியமான விஷயம், இந்தப் பென்ஷனுக்குப் பஞ்சப்படி கிடையாது. இன்று நாலாயிரம் என்றால் 70 வயதிலும் நாலாயிரம்தான். முதல் படியில் எழுதிய 46,800-ஐ இதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

4. 10டி படிவம் போடுங்கள்

மாதப் பென்ஷனுக்கு 10டி, பிஎஃப் தொகைக்கு 19. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தயாராக வைத்திருக்க வேண்டியவை: ஆதார், பேன், வங்கி பாஸ்புக் முதல் பக்கம் அல்லது ரத்து செய்த காசோலை, கணவன் மனைவி இருவரின் புகைப்படங்கள், மனைவியின் ஆதார், 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் அவர்களின் பிறப்புச் சான்று. மனைவி பெயரும் பிறந்த தேதியும் நாமினேஷனில் இருப்பதும் ஆதாரில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். என் வீட்டில் அவர் பிறந்த தேதி கல்யாணப் பத்திரிகையில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஜனவரி 1. அந்தக் காலத்தில் பள்ளியில் போட்ட தேதிதானே.

தீர்த்துவைக்க 20 நாள் என்பது விதி. சிக்கல் இல்லாத கோப்பு உண்மையிலேயே சீக்கிரம் முடிகிறது. தாமதமானால் ஆன்லைன் குறைதீர்ப்புத் தளத்தில் புகாரைப் பதிந்து அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். 14470 என்ற உதவி எண்ணும் உண்டு. மாதாமாதம் 27-ம் தேதி (விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள்) ஒவ்வொரு மாவட்டத்திலும் பிஎஃப் அலுவலகம் 'நிதி ஆப்கே நிகட்' என்று ஒரு குறைகேட்பு முகாம் நடத்துகிறது. இடம் மாறிக்கொண்டே இருக்கும், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். போனில் மூன்று மாதம் புரியாத விஷயம் எனக்கு அங்கே பத்து நிமிஷத்தில் புரிந்தது. ஒரிஜினல்களை எடுத்துக்கொண்டு போங்கள்.

ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள். "நான் முடிச்சுத் தரேன் சார், அஞ்சு பர்சென்ட்" என்று வருபவரிடம் போனையே கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போன ஆட்களை எனக்குத் தெரியும்.

தாமதமான மாதங்களுக்கு நிலுவை சேர்த்து வந்துவிடும், அது போகாது. ஆனால் அந்த எட்டு மாதத்துக்குச் சோறு வேண்டுமே. ஓய்வுக்கு முன்பே ஆறு மாதச் செலவுக்குப் பணம் தனியாக ஒதுக்கிவையுங்கள்.

5. கிராஜுவிட்டியும் பிஎஃப் பணமும் கைக்கு வரும்போது

கிராஜுவிட்டி (பணிக்கொடை) கணக்கு எளிது: கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்குங்கள். எனக்கு 26,000 இருந்தது. 15,000 x 22 = 3,30,000. இதை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கம்பெனி இழுத்தடித்தால் தொழிலாளர் துறையில் முறையிடலாம், தாமதத்துக்கு வட்டியும் கேட்கலாம்.

பிஎஃப் 14 லட்சம் ஜூன் மாதம் வந்தது. வந்த செய்தி ஊருக்கு எப்படித் தெரிகிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அந்த வாரமே மச்சினன் பலகாரப் பையோடு வந்துவிட்டான். "மாமா, ரெண்டு வட்டி தராங்க. லட்சத்துக்கு மாசம் ரெண்டாயிரம். நானே மூணு லட்சம் போட்டிருக்கேன்." வழவழ காகிதத்தில் அச்சடித்த துண்டறிக்கை, அதில் ஒரு சாமி படம். இரண்டு வட்டி என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். பேங்க் 7 கொடுக்கும்போது 24 கொடுப்பவனுக்கு எந்தத் தொழிலில் அதற்கு மேல் கிடைக்கிறது என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு காபி குடிக்காமல் போனான். சீட்டு கட்டுபவர்கள் குறைந்தபட்சம் அது 1982 சீட்டு நிதிச் சட்டத்தின் கீழ் பதிவான சீட்டுதானா என்று பதிவு எண் கேட்டுப் பாருங்கள். ஏலச்சீட்டு நடத்துபவர் பக்கத்து வீட்டுக்காரர்தான், நல்லவர்தான் என்பதெல்லாம் பதிவு எண் ஆகாது.

பிள்ளைகள் கேட்பது வேறு மாதிரி. மகன் வீட்டுக் கடனுக்கு முன்பணம் கேட்டான். "வட்டி மட்டும் வேண்டுமானால் தருகிறேன், முதலைத் தொட மாட்டேன்" என்றேன். இரண்டு மாதம் பேச்சு குறைந்தது. அப்புறம் சரியானது.

6. அஞ்சலகத்தில் போடுவது

இரண்டு திட்டங்கள்தான் நம்மைப் போன்றவர்களுக்கு முதுகெலும்பு.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம்: 8.2 சதவீதம், ஐந்து வருஷம், உச்சவரம்பு 30 லட்சம். வட்டி ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் தேதிகளில் வரும். ஒரு லட்சத்துக்குக் காலாண்டுக்கு 2,050. ஐந்து வருஷம் முடிந்ததும் மூன்று மூன்று வருஷமாக நீட்டிக்கலாம்.

'60 ஆக வேண்டுமே' என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். 55-லிருந்து 60-க்குள் ஓய்வு பெற்றவரும் சேரலாம். ஆனால் ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட வேண்டும், அந்தப் பணத்துக்கு மேல் போட முடியாது. அதற்குக் கம்பெனியிடமிருந்து ஒரு சான்று வேண்டும்: இன்னார், இந்தப் பதவி, இத்தனை வருஷம், இந்தத் தேதியில் ஓய்வு, இன்ன தொகை. எனக்கு ஏப்ரல் 25-ல் கிராஜுவிட்டி வந்தது. சான்றில் கையெழுத்துப் போட வேண்டியவர் லீவில் போய், மூன்று வாரம் இழுத்து, ஜூலை 16-ல்தான் மஞ்சக்குப்பம் தலைமை அஞ்சலகத்தில் கொடுக்க முடிந்தது. இன்னும் ஒன்பது நாள் போயிருந்தால் கிராஜுவிட்டித் தொகைக்கு வாசல் மூடியிருக்கும். விடைபெறும் நாளிலேயே, மாலையோடு சேர்த்து, அந்தச் சான்றையும் வாங்கிவிடுங்கள்.

ஒரு லட்சத்துக்கு மேல் என்றால் காசோலையாகக் கொண்டுபோங்கள். புகைப்படம், ஆதார், பேன், நாமினி விவரம். காலையில் போனால் பதினொன்றுக்குள் முடியும், மாதத்தின் முதல் வாரம் வேண்டாம். ஒரு வருஷத்துக்குள் மூடினால் வாங்கிய வட்டியையெல்லாம் பிடித்துக்கொள்வார்கள், இரண்டாம் வருஷத்தில் முதலில் ஒன்றரை சதவீதம், அதற்குப் பிறகு ஒரு சதவீதம் போகும். அவசரத்துக்குத் தேவைப்படும் பணத்தை இதில் போடாதீர்கள்.

மாத வருமானத் திட்டம்: 7.4 சதவீதம், தனிக்கணக்கில் 9 லட்சம், கூட்டுக்கணக்கில் 15 லட்சம் வரை. இதற்கு வயது வரம்பு இல்லை.

வட்டி எடுக்காமல் கிடந்தால் அதற்கு வட்டி கிடையாது. இரண்டு திட்டத்துக்கும் இதே விதி. சேமிப்புக் கணக்கோடு இணைத்துத் தானாக வரும்படி எழுதிக் கொடுங்கள்.

வரிப் பிடித்தம் பற்றி ஒரு சின்ன அசட்டுத்தனம். எனக்கு வரி வராது என்பதால், வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் 15ஹெச் படிவத்தை எழுதி நீட்டினேன். கவுண்டரில் இருந்த அம்மா பார்த்துவிட்டு, "உங்களுக்கு இன்னும் 60 ஆகலையே சார்" என்று திருப்பிக் கொடுத்தார். அப்போது 60-க்குக் கீழே இருந்தவர்களுக்கு 15ஜி. 2025 ஏப்ரலிலிருந்து 60 ஆனவர்களுக்கு வருஷ வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான் பிடிப்பார்கள், மற்றவர்களுக்கு 50,000. ஒவ்வொரு ஏப்ரலிலும் அந்த வருஷத்துக்கான படிவத்தைக் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும், ஒருமுறை கொடுத்தது அடுத்த வருஷத்துக்குச் செல்லாது.

நான் பிரித்த விதம்: மூத்த குடிமக்கள் திட்டத்தில் 10 லட்சம், மாத வருமானத்தில் 3 லட்சம், தேசிய சேமிப்புப் பத்திரத்தில் 2 லட்சம், வங்கியில் அவசரத்துக்கு ஒன்றரை லட்சம், மீதி 80,000 மாடிக் கூரைக்கு. மாதக் கணக்கில் 6,833, அதோடு 1,850, பென்ஷன் நாலாயிரத்துச் சொச்சம், மாடி போர்ஷன் வாடகை 5,000. ஏறக்குறைய 17,700. செலவு 23,400. துண்டு விழுகிறதா? விழுகிறது.

7. துண்டை எப்படி அடைப்பது

முழு வட்டியையும் செலவழிக்கலாம் என்று நினைத்தால் ஐந்து வருஷத்தில் மாட்டிக்கொள்வீர்கள். வட்டி அப்படியே நிற்கும், 6 சதவீத ஏற்றத்தில் 100 ரூபாய்ப் பொருள் 134 ஆகியிருக்கும். அதற்குத்தான் சேமிப்புப் பத்திரம்: 7.7 சதவீதத்தில் இடையில் எதுவும் எடுக்காமல் ஐந்து வருஷம் விட்டால் ஒரு லட்சம் 1,44,900 ஆகும். முதிர்ந்ததும் எடுத்து மாத வருமானத் திட்டத்தில் போட்டால் மாத வரவு ஒரு படி ஏறும். வயது ஐம்பதுக்குள் இருப்பவர்கள் கொஞ்சம் பங்குச் சந்தைப் பக்கமும் போகலாம். எனக்கு இரவில் தூக்கம் முக்கியம், போகவில்லை.

செலவைக் குறைத்ததில் உண்மையாகப் பலன் தந்தவை சில. காய்கறி உழவர் சந்தையில், காலை எட்டுக்குள். மீன் கடலூர் ஓ.டி. துறைமுகத்தில், வாரத்துக்கு ஒருமுறை, மச்சினனோடு பங்கு போட்டு (ஆமாம், அதே மச்சினன். அவன் போட்ட பணம் இன்னும் வரவில்லை, அதைப் பற்றி நான் பேசுவதில்லை). கரண்ட் பில்லில் 2025 நிலவரப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், ஆனால் 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான மலிவு விலை போய்விடும். கோடையில் ஏசி போடுபவர்கள் 450-ல் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். மாத்திரை முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ வாங்குகிறோம், சுகர் மாத்திரையில் மட்டும் மாதம் 600 மிச்சம். இப்படி 19,500 வரை இறக்கினோம். தேங்காய் எண்ணெய் 2025-ல் ஏறிய ஏற்றத்தில் அதில் கொஞ்சம் போனது.

மொய்யில் கை வைக்கவில்லை. அதைக் குறைத்தால் மனுஷன் குறைந்துவிடுவான்.

மீதித் துண்டுக்கு லாரன்ஸ் சாலையில் ஒரு ஹார்டுவேர் கடையில் வாரத்துக்கு மூன்று நாள் கணக்கு எழுதுகிறேன், மாதம் 6,000. உடம்பு இருக்கும் வரை.

8. மருத்துவச் செலவு

கம்பெனி மருத்துவக் காப்பீடு ஓய்வு நாளோடு முடிந்துவிடும். ஈஎஸ்ஐ வரம்பைத் தாண்டியவர்கள் 55 வயதிலேயே சொந்தமாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருஷம், அது வேலையில் இருக்கும்போதே கழிந்துவிடும். சுகர், பிரஷரை மறைத்து எழுதாதீர்கள், பணம் கேட்கும் அன்று அது வெளியே வரும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வருமானச் சான்று வாங்கலாம். எங்களுக்கு வரம்பைத் தாண்டிவிட்டது.

9. ஆயுள் சான்றும் ஒரு கோப்பும்

பென்ஷன் வர ஆரம்பித்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஜீவன் பிரமாண் ஆயுள் சான்று கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். நவம்பரில்தான் கொடுக்க வேண்டும் என்பது மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு. பிஎஃப் பென்ஷனுக்கு எந்த மாதத்தில் கொடுத்தாலும் அன்றிலிருந்து ஒரு வருஷம் செல்லும். என்னைப் போல கெமிக்கலில் கைபட்டவர்களுக்கு விரல்ரேகை தேய்ந்திருக்கும், இயந்திரம் எடுக்காது. போனில் முகத்தைக் காட்டிச் செய்யும் வசதி இருக்கிறது, வெளிச்சமான இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். எனக்குத் தபால்காரரே வீட்டுக்கு வந்து செய்து கொடுத்தார், 70 ரூபாய் ஆனது.

பென்ஷன் ஆணை வந்ததும் அதில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நமக்குப் பின் அவருக்குப் பாதிப் பென்ஷன் வரும், ஆனால் தானாக வராது. இறப்புச் சான்று, ஆணையின் நகல், அவர் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு அவரும் அதே 10டி படிவத்தைப் போட வேண்டும்.

எங்கள் வீட்டில் பீரோவின் மேல் தட்டில் ஒரு நீல நிறக் கோப்பு இருக்கிறது. பென்ஷன் ஆணை, அஞ்சலக பாஸ்புக்குகள், பாலிசி, அந்த 1999 பிஎஃப் சீட்டு எல்லாம் பிளாஸ்டிக் உறையில். முதல் பக்கத்தில் எந்தப் பணம் எங்கே, எந்தத் தேதியில் முதிர்கிறது, யாரிடம் போக வேண்டும் என்று வீட்டம்மா தன் கையாலேயே எழுதியிருக்கிறார். நான் எழுதித் தருகிறேன் என்றதற்கு, "உங்க கையெழுத்து எனக்குப் புரியாது, நாளைக்கு நான்தான போய் நிக்கணும்" என்றார்.